ஒற்றை ரூபாய் வசூல்காரன்

1890. ஜெர்மனியின் மிகப் பெரிய உயிர்வேதியியல் பத்திரிகை. அதன் ஆசிரியர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர். சாதாரண ஆசாமி இல்லை. ரத்தத்தின் சிவப்புக்கு ‘ஹீமோகுளோபின்’ என்று பெயர் வைத்தவரே அவர்தான். பத்திரிகையை ஆரம்பித்தவரும் அவரே. அந்தப் பத்திரிகையில் ஒரு இங்கிலாந்து டாக்டரின் பதில் கட்டுரை வந்தது. கட்டுரையின் அடியில் ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு குறிப்புச் சேர்த்தார். இந்த விஷயத்தில் இதற்குமேல் விவாதம் அநாவசியம் என்பது அதன் சாரம்.

அவ்வளவுதான். ஒரு மனிதரின் ஆயுள்கால உழைப்பு முடித்துவைக்கப்பட்டது.

அந்த டாக்டரின் பெயர் சார்லஸ் மெக்மன். அயர்லாந்துக்காரர். டப்ளினில் படித்துவிட்டு, இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்கிற தொழில் நகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகப் பதவி கிடையாது. பகலில் நோயாளிகள். மிச்ச நேரத்தில் மைக்ராஸ்கோப். சும்மா மைக்ராஸ்கோப் இல்லை. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கண்ணாடிப் பட்டகம் பொருத்தியது. நட்சத்திர மீனிலிருந்து மனுஷன் வரைக்கும் கையில் கிடைத்த ஜந்துக்களின் தசையை எல்லாம் வெட்டி அதன் கீழே வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நான்கு கறுப்புப் பட்டைகள். வானவில்லின் நடுவே நான்கு இடத்தில் கரிக்கோடு இழுத்த மாதிரி.

அந்த இடத்து நிறங்களை ஏதோ ஒரு பொருள் உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம். சிவப்பு ரத்தம் இல்லாத பூச்சிகளின் தசையிலும் அது இருக்கிறது. ஆகவே ஹீமோகுளோபின் இல்லை. இது வேறு எதுவோ. மூச்சு சம்பந்தப்பட்டது. 1884-லும் 1886-லும் எழுதினார் மெக்மன்.

ஹோப்பே-சைலரின் மாணவர் லெவி, அதெல்லாம் ஒன்றுமில்லை, ஹீமோகுளோபின் கெட்டுப்போனால் வரும் சரக்குதான் என்று மறுத்தார். மெக்மன் பதில் எழுதினார். பதிலுக்குக் கிடைத்ததுதான் மேலே சொன்ன அடிக்குறிப்பு. மெக்மனிடம் ஒரு பலவீனம் இருந்தது நிஜம். பொருளைத் தனியே பிரித்தெடுத்துக் காட்ட அவரால் முடியவில்லை. கண்ணால் பார்த்தேன் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. 1911-ல் இறந்து போனார். மூன்று வருடம் கழித்து வெளியான அவரது புத்தகத்தில், என்றைக்காவது ஒருநாள் இந்தப் பொருள் பாடப் புத்தகத்துக்குள் நுழையும் என்று எழுதி வைத்திருந்தார். பெரிய பெயரின் கனத்தில்தான் தன் கருத்து அமுங்கிப்போனது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

நுழைந்தது. நுழைத்தவர் டேவிட் கெய்லின். போலந்துக் குடும்பம், பிறந்தது மாஸ்கோ, வேலை கேம்பிரிட்ஜில். ஒட்டுண்ணிகளை ஆராய்பவர். குதிரையின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு ஈயின் புழுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புழுவாக இருக்கும்போது அதன் உடம்பில் ஹீமோகுளோபின் உண்டு. இறக்கை முளைத்து வெளியே பறக்கும்போது அது எங்கே போகிறது? தேடப்போன இடத்தில், ஈயின் தசையில், அதே நான்கு பட்டைகள்.

பிறகு ஈஸ்ட்டைப் பார்த்தார். அதாவது ரொட்டி உப்ப வைக்கும் சமாசாரம். ஈஸ்ட் கலந்த தண்ணீரை ஒரு குழாயில் ஊற்றி, காற்றுப் படும்படி நன்றாகக் குலுக்கினார். பட்டைகள் மறைந்தன. சும்மா வைத்தார். கொஞ்ச நேரத்தில் பட்டைகள் மறுபடி வந்தன. குலுக்கினால் போகிறது, வைத்தால் வருகிறது. ஒரு உயிர் மூச்சு விடுவதை மனிதக் கண் நேராகப் பார்த்தது அங்கேதான். 1925-ல் வெளியிட்டார். ‘சைட்டோகுரோம்’ என்று பெயர் வைத்தார். இதை முதலில் கண்டுபிடித்தது மெக்மன்தான் என்று அதே கட்டுரையில் தெளிவாகச் சொல்லவும் செய்தார். கண்டுபிடித்தவர் செத்து 14 வருடம் ஆகியிருந்தது.

சைட்டோகுரோம் ஒரு ஆள் இல்லை. ஏ, பி, சி என்று ஒரு கூட்டம். நம் கதாநாயகன் அதில் ‘சி’. செக்கச்செவேலென்று இருக்கும் ஒரு சின்னப் புரதம். 104 அமினோ அமிலங்கள் சுருட்டி வைத்த ஒரு நூல்கண்டு. நடுவே ஒரு இரும்பு அணு. ஒரு மில்லிமீட்டருக்குள் இவர்களை வரிசையாக நிற்க வைத்தால் மூன்று லட்சம் பேருக்கு மேல் நிற்கலாம்.

அப்படி என்ன வேலை செய்கிறது? நான் படித்தது பி.காம். அதனால் எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஆக்ஸிடேஷன், ரிடக்ஷன் என்று கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் பயமுறுத்துவது வேறொன்றுமில்லை, டபுள் என்ட்ரி கணக்குதான். ஒருத்தனிடமிருந்து எலெக்ட்ரான் போனால் பற்று. இன்னொருத்தனிடம் வந்தால் வரவு. ஒன்று இல்லாமல் இன்னொன்று கிடையாது. நாம் சாப்பிடுகிற இட்லியிலிருந்து உருவப்படும் எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்ஸிஜன் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே ஒரு கவுன்ட்டருக்கும் அடுத்த கவுன்ட்டருக்கும் நடுவே ஓடுகிற வசூல் பையன்தான் சைட்டோகுரோம் சி. பையில் ஒரு சமயத்துக்கு ஒரே ஒரு ரூபாய்தான் கொள்ளும். ஒரு எலெக்ட்ரான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததை வாங்க வேண்டும். நடுவில் இருக்கும் இரும்புதான் அந்தப் பை.

எலெக்ட்ரான் கைமாறினால் அது கரன்ட். அப்படியானால் ஒரு உலோகத் தகட்டை நீட்டி, இந்தப் பையனிடமிருந்து நேராகவே வசூல் பண்ணிவிடலாமே? ஒயரில் கரன்ட்டாக வந்துவிடுமே?

எல்லாருக்கும் தோன்றிய யோசனைதான். நடக்கவில்லை. பாதரசத்தைக் காட்டினார்கள். தங்கம், பிளாட்டினம் எல்லாம் காட்டினார்கள். புரதம் உலோகத்தின்மேல் போய் அப்பிக்கொண்டது. உருக்குலைந்தது. தோசைக்கல்லில் ஊற்றிய முட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வந்த புரதத்துக்கும் அந்த அழுக்குப் படலமே குறுக்கே நின்றது. பெரிய புரதங்கள் உலோகத்தோடு ஒழுங்காகப் பேசாது என்று பல பேர் முடிவே கட்டிவிட்டார்கள்.

1977-ல் ஒரே வருஷத்தில் இரண்டு இடங்களில் கதவு திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் ஹில்லும் அவர் மாணவர் எடோஸும் தங்கத் தகட்டின்மேல் பைபிரிடில் என்கிற ஒரு சின்ன மூலக்கூறைத் தடவினார்கள். அது எலெக்ட்ரானை வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. புரதம் வந்து பதவிசாக உட்கார ஒரு பாய் விரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். புரதம் வந்தது, ரூபாயைக் கொடுத்தது, போனது. அமெரிக்காவில் யே, குவானா என்கிற இருவர் தகரம் கலந்த இண்டியம் ஆக்ஸைடு தகட்டில் இதையே சாதித்தார்கள். இன்றைக்கு நம் செல்போன் தொடுதிரையில் பூசியிருக்கிறதே, அதே பொருள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கலாம். சர்க்கரை பார்க்கும் மிஷின் இருக்கும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்கிற புரதம் சர்க்கரையிடம் எலெக்ட்ரானைப் பறிக்கும். ஆனால் அதன் கல்லாப்பெட்டி உள்ளறையில் இருக்கிறது. தகட்டுக்கு எட்டாது. ஆகவே ஃபெரோசீன் என்கிற தரகரை நடுவில் விட்டார்கள். 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டும் கிரான்ஃபீல்டும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை. ஹில்லும் அதில் ஒருவர். 1987-ல் அது பேனா வடிவில் கடைக்கே வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு துண்டுப் பட்டை, சில விநாடிகளில் நம்பர். நம் ஊர்த் தெருவிலும் பல வீடுகளில் இந்த வசூல் நடக்கிறது.

அது வியாபாரக் கிளை. நாம் வசூல் பையனின் பின்னாலேயே போவோம். ஏனென்றால் அங்கே ஒரு வில்லங்கம் காத்திருந்தது.

தகட்டுக்கு வோல்டேஜ் கொடுக்கிறோம். கால் வோல்ட், அரை வோல்ட். டார்ச் பேட்டரியில் பாதிகூட இல்லை. இது என்ன பண்ணிவிடும்? தூரத்தைக் கவனிக்க வேண்டும். தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இந்த வோல்டேஜ் முழுவதும் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஒரு நானோமீட்டரில் ஒரு வோல்ட் என்றால் மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் கணக்கு. காற்று தாக்குப்பிடிக்காமல் பொறி தெறிப்பதற்கு மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட்டே போதும். ஆக, தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதம் மின்னலைவிடப் பல மடங்கு உக்கிரமான ஒரு மின்புலத்தில் உட்கார்ந்திருக்கிறது. சத்தமும் வராது, பொறியும் பறக்காது. ஆனால் புரதத்தின் உடம்பெல்லாம் பிளஸ்ஸும் மைனஸும். சைட்டோகுரோம் சி-யின் ஒரு பக்கம் பூராவும் லைசின் என்கிற பிளஸ் முடிச்சுகள். அப்படிப்பட்ட உடம்பை இப்படிப்பட்ட புலத்தில் நிறுத்தினால் சும்மா இருக்குமா?

இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எப்படி? கரன்ட்டை அளந்தால் கணக்குத்தான் தெரியும், கணக்குப் போடுகிறவனின் முகம் தெரியாது. முகத்தைப் பார்க்க உதவியவர் நம்மவர்.

திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். இவரும் ஒருவகையில் நம் காமர்ஸ் ஜாதிதான். 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்து, பகலில் சர்க்கார் கணக்கும், ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடமுமாகப் பத்து வருஷம் ஓட்டியவர். 1917-ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1928 பிப்ரவரி 28. ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் அந்தப் பொருளின் கைரேகை. கூட நின்று உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். இரண்டே வருஷத்தில் நோபல்.

சரி, கோடியில் ஒரு பங்கு என்றால், தகட்டின்மேல் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் புரதத்திலிருந்து என்ன வரப்போகிறது? இருட்டுதான் வரும். 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன் குழுவினர் ஒரு வெள்ளித் தகட்டைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பிரிடின் என்கிற பொருளை ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். ராமன் ஒளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. சொரசொரப்பினால் இடம் கூடியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தார்கள். இல்லை, வெள்ளியே அதை லட்சக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுகிறது என்று 1977-ல் வேறு இரண்டு குழுக்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். (இதே ஃப்ளெய்ஷ்மன்தான் 1989-ல் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் சூரியனைக் கொண்டுவந்துவிட்டேன் என்று அறிவித்து, யாராலும் அதைத் திரும்பச் செய்துகாட்ட முடியாமல், பெயரைக் கெடுத்துக்கொண்டவர். வெள்ளித் தகட்டுக்காக நினைக்கப்பட வேண்டிய மனிதர்.)

வெள்ளியின் தயவு ஒரு பக்கம். லேசரின் நிறத்தைப் புரதத்தின் சிவப்புக்குப் பொருத்தமாக ஊதாவில் வைத்தால் இன்னொரு பெருக்கம். இரண்டும் சேர்ந்தால், தகட்டில் ஒட்டியிருக்கும் ஆள், அதிலும் அவன் நடுவில் இருக்கும் இரும்பு வளையம், அது மட்டும் பேசும். மற்றதெல்லாம் கப்சிப்.

ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் பீட்டர் ஹில்டெப்ரான்ட், மான்ஃப்ரெட் ஷ்டாக்புர்கர் என்ற இருவர் இந்தக் கருவியை சைட்டோகுரோம் சி மேல் திருப்பினார்கள். 1989-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: தகட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள். முதல் ஆள் நமக்குத் தெரிந்த பழைய வசூல் பையன். இரண்டாவது ஆளுக்கு முகம் மாறிவிட்டது.

இரும்பைப் புரதம் இரண்டு கையால் பிடித்திருக்கும். ஒரு கை 18-ஆம் இடத்து ஹிஸ்டிடின். இன்னொரு கை 80-ஆம் இடத்து மெத்தியோனினின் கந்தகம். இரண்டாவது ஆளிடம் இந்தக் கந்தகக் கை விட்டுப்போயிருந்தது. கை விட்டதும் எலெக்ட்ரானுக்கு அவன் கேட்கும் விலையும் மாறிவிட்டது, 0.3 வோல்ட்டுக்கும் மேல் சரிவு. இந்த விலையில் பழைய கவுன்ட்டரில் இவனால் வியாபாரமே பண்ண முடியாது. ஒட்டியிருக்கும் பரப்பின் மின்சுமையும் புலமும் ஏற ஏற, இந்த இரண்டாம் ஆளின் எண்ணிக்கை கூடியது. புலம் தளர்ந்தால் பழைய ஆள் திரும்பவும் வந்தான். முட்டை தோசையானால் திரும்பாது. இது திரும்பியது.

உடனே கேள்வி எழுந்தது. நீங்கள் பார்ப்பது உயிரில் நடப்பதா, வெள்ளித் தகட்டில் மாட்டிக்கொண்ட ஒரு பரிதாபப் புரதத்தின் அவஸ்தையா? நியாயமான கேள்வி. மெக்மனிடம் லெவி கேட்டதும் இதே ரகம்தானே? கெட்டுப்போன சரக்கைக் காட்டிப் புதுச் சரக்கு என்கிறாய் என்று.

பதிலின் ஒரு பாதி எளிது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குக் குறுக்கே சுமார் 0.15 வோல்ட் இருக்கிறது. சவ்வின் கனம் சுமார் ஐந்து நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட். சவ்வின் மேற்பரப்பில் மைனஸ் கொழுப்புகள் வேறு நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. அதை ஒட்டினாற்போல் புலம் இன்னும் உக்கிரம். நம் பையன் ஆயுள் முழுக்க வேலை பார்ப்பதே அந்தச் சவ்வை ஒட்டித்தான். தண்ணீர்க் குவளையில் மிதக்கும் புரதத்தைவிட, தகட்டில் ஒட்டிய புரதம்தான் வீட்டுச் சூழ்நிலைக்குப் பக்கம்.

இன்னொரு பாதி, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 1996-ல் ஷியோடாங் வாங் என்ற விஞ்ஞானியின் குழு, செல்கள் தற்கொலை செய்துகொள்வது எப்படி என்று தோண்டிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன, அல்லது தேவையில்லாத செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும். முடித்துக்கொள்ளாமல் அடம்பிடித்தால் அது புற்றுநோய்க்கு வழி. சாவுக்கு உத்தரவு கொண்டுபோகிற தூதர்களில் ஒருவன் யார் என்று பிரித்தெடுத்துப் பார்த்தால், சைட்டோகுரோம் சி. மூச்சுக்கு வசூல் பண்ணுகிற அதே பையன். மைட்டோகாண்ட்ரியாவை விட்டு அவன் வெளியே வந்துவிட்டால் செல்லின் கதை முடிந்தது.

எப்படி வெளியே வருகிறான்? 2005-ல் பிட்ஸ்பர்க்கில் வலேரியன் ககன் குழு ஒரு விடை சொன்னது. சவ்வில் கார்டியோலிபின் என்று ஒரு மைனஸ் கொழுப்பு. அதோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் சைட்டோகுரோம் சி, அதையே அரித்து எரிக்க ஆரம்பிக்கிறது. கட்டி வைத்திருந்த கயிற்றைத் தானே அறுப்பதுபோல. இந்த வேலை செய்யும் ஆளின் முகம் எப்படி? 80-ஆம் இடத்துக் கந்தகக் கை இரும்பை விட்டிருக்கிறது.

கெட்டிங்கன் தகட்டில் தெரிந்த அதே இரண்டாம் ஆள். சவ்வின் புலமும் மின்சுமையும் சேர்ந்துதான் வசூல் பையனைக் கயிறறுப்பவனாக மாற்றும் ஸ்விட்சோ என்று, ஹில்டெப்ரான்டும் அவரோடு சேர்ந்து உழைத்த அர்ஜென்டினாக்காரர் டேனியல் முர்கிடாவும் கேட்கிறார்கள். உயிருள்ள செல்லுக்குள் இது இப்படியேதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல ராமன் லேசர் அங்கே நுழைய வேண்டும். அது லேசில்லை. ஆனால் அவஸ்தை என்று ஒதுக்கப்பட்டது இப்போது கேள்வியாகவாவது மதிக்கப்படுகிறது. மெக்மனுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

முர்கிடா கூட்டணி இன்னொன்றும் பார்த்தது. வெள்ளியின்மேல் கார்பன் சங்கிலிகளால் ஒரு கம்பளம் விரித்தார்கள். 16 கார்பன் நீளக் கம்பளத்தில் எலெக்ட்ரான் ஆமை வேகம். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒன்று. கம்பளத்தைக் குட்டையாக்க ஆக்க வேகம் எகிறியது. எகிறிக்கொண்டே போக வேண்டும் என்பது தியரி. போகவில்லை. விநாடிக்கு நூற்றுச் சொச்சத்தில் நின்றுவிட்டது. தூரம் குறைந்தும் வேகம் ஏறவில்லை என்றால், யாரோ பிரேக் போடுகிறார்கள். கம்பளம் குட்டையானால் புரதத்தின்மேல் புலம் கூடும். பிரேக் போடுவது புலம்தான்.

எப்படி என்பதில் அவர்களே ஒருமுறை மனசை மாற்றிக்கொண்டார்கள். 2001-ல், தண்ணீருக்குப் பதில் கனநீர் விட்டால் வேகம் இன்னும் குறைவதைப் பார்த்து, புரதத்துக்குள் புரோட்டான்கள் இடம் மாறுவதைப் புலம் தடுக்கிறது என்று எழுதினார்கள். 2008-ல் இன்னும் நுணுக்கமாக அளந்து பார்த்ததில் விஷயம் வேறாகத் தெரிந்தது. பையன் தகட்டின்மேல் வந்து உட்காரும் திசை ஒன்று, ரூபாயை நீட்டுவதற்கு வசதியான திசை இன்னொன்று. கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால்தான் கை எட்டும். பலமான புலம் அவனைத் திரும்பவிடாமல் தோளைப் பிடித்து அழுத்துகிறது. எலெக்ட்ரான் தாவுவதற்கு ஆகும் நேரம் அற்பம். பையன் திரும்பி உட்காருவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. செல்லின் சவ்வு நன்றாகச் சார்ஜ் ஏறி இருக்கும்போது வசூலை மட்டுப்படுத்துவதற்கு இதுவே ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு யூகம்.

இந்தச் சோதனைகளுக்கான சைட்டோகுரோம் சி எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் சின்னக் கண்ணாடிப் புட்டியில், சிவப்புப் பொடியாக, கம்பெனிகள் விற்கின்றன. லேபிளில் எதிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கும். கெய்லின் தன் பூச்சியைத் தேடியது குதிரையின் வயிற்றில். இவர்கள் வாங்குவது குதிரையின் இதயம்.